கண்டெடுத்தவர்: அன்புச்செல்வன்

வெண்மதி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அன்புச்செல்வன் சட்டையைக் கழற்றுவதற்குள், போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உன் வேலைக்கே ஒலை வெச்சிட்டேன்."

"மூஞ்சி கழுவிகினு வந்துடறேனே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "சொல்லு."

பிளஸ் ஒன் ப்ராஜெக்டுக்காக, பழுப்பு நிலக்கரி உண்டான கதையைச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றைப் படிக்கக் கொடுத்திருந்தார் சிவசங்கர் சார். படிக்கும்போதே வேண்டிய வரியைத் தொட்டு மஞ்சள் பூசலாம். பக்கத்தின் ஓரம் திறந்துகொள்ளும், அங்கே குறிப்பு எழுதலாம். அந்த வசதியைப் போனில் ஏற்றிக் கொடுத்தவரும் அவர்தான். 'நம்ம க்ளாஸ் க்ரூப்புல மட்டும் எழுதுங்க' என்று பத்து தடவை சொல்லியிருந்தார். எழுத உட்கார்ந்ததும் வெண்மதிக்கு அது மறந்துபோனது; எழுதியது எல்லோருக்கும் தெரியும்படி போய்விட்டது.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும், கண்டெடுத்தவர் பெயர் இருந்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. நரம்போடு கிடைத்த இலை என்று ஒரு வரி வந்த இடத்தில் அவளும் எழுதினாள்: 'எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்கு, ஐஸ்கிரீம் டப்பாவுல, தண்ணிக்குள்ள. கண்டெடுத்தவர்: அன்புச்செல்வன், நெய்வேலி மைன்ஸ், கான்ட்ராக்ட்.'

மைன்ஸிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. அப்பா அந்த இலை பதிந்த கட்டியை டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தெரிந்தால் கேட் பாஸ் போய்விடும். பதினோரு வருஷமாகப் பர்மனென்டுக்குக் காத்திருப்பதும் அதோடு போகும்.

"யாரு பாத்தாங்க?" என்றார் அப்பா.

"யாரு வேணா பாக்கலாம்ப்பா. மணிமொழின்னு ஒருத்தவங்க கீழ பதிலே எழுதிட்டாங்க. ஆபீஸு ஆளான்னு பயந்துகினு நான் அதத் தொறக்கவே இல்ல."

"அழிக்க முடியுமா?"

"என்னுத அழிக்கலாம்."

"அழிச்சிடு." சற்று யோசித்தார். "இரு. என்னா எழுதியிருக்காங்க, படி."

வாசித்தாள். 'பழைய இலைகளைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதைத் தண்ணீரை விட்டு எடுக்காதீர்கள், காய்ந்தால் நொறுங்கிவிடும். தண்ணீரில் போட உங்கள் அப்பாவுக்கு யார் சொன்னது? அந்த இலை விழுந்தபோது பூமியில் மனிதனே கிடையாது. அதை முதன்முதலாகப் பார்த்த மனிதர் உங்கள் அப்பாதான்.'

"எவன் சொல்லணும்? வெளிய கெடந்தா கரி வெடிச்சி உதுந்துபூடும்னு மைன்ஸுல யாருக்குத் தெரியாது?" என்று சிரிக்கப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் டப்பாவைத் திறந்தார். உள்ளங்கை அகலக் கரிக்கட்டியில் அந்த இலை கறுத்துக் கிடந்தது.

"கட்டி பொளந்தப்ப இது பச்சையா இருந்துச்சி பாப்பா. ஒரு நொடிதான். கண்ணு முன்னாலயே கறுத்துப்போச்சி. யாருகிட்டயும் சொல்லல, நம்ப மாட்டானுவோ."

வெண்மதி குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் நிற்கிற தரை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காடு இன்னும் படுத்திருந்தது. அதன் பச்சையை ஒரே ஒரு ஆள் பார்த்திருந்தார். அந்த ஆள் வேலைச் சட்டையோடு அவளுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"பச்சையா இருந்துச்சின்னு அதுல எழுதிடு."

"அப்ப உன் பேரு?"

"பேரு இருக்கட்டும். ஆபீஸுலேர்ந்து அவங்களா வந்து கேக்கறதுக்கு முன்ன நானே இதக் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

கழற்றாத சட்டையோடு, டப்பாவை டிவிஎஸ்ஸில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"என்னாச்சிப்பா?"

"பாஸ வாங்கி வெச்சிகினாங்க. விசாரிச்சி முடிக்கிற வரைக்கும் வர வேணாமாம்."

அவள் விசும்பத் தொடங்கினாள்.

"அழுவாத, இதக் கேளு. ஆபீஸுல ஜியாலஜி மேடம் ஒருத்தவங்க லென்ஸக் குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. எலையில ஒரு ஓட்ட இருக்கு. பூச்சி கடிச்சிருக்கு பாப்பா. பாதியத் தின்னுட்டு எங்கியோ எழுந்து போயிருக்கு."