ஒற்றைக்கண் பாரைக்குள் அரக்கனின் உயிர்

அரக்கன் சாக வேண்டும். அதுவும் இன்றைக்கே சாக வேண்டும். இது முல்லைத்தீவுக் கரையில் கரைவலை வைத்திருக்கும் ஸ்ரனிஸ்லஸ் சம்மாட்டியாரின் கட்டளை. கொல்ல வேண்டியவள் அவருடைய மகள் ஆன்சலா.

ஆன்சலாவுக்கு மாயக்கதை நாவல் என்றால் பைத்தியம். அதிலும் பழைய கதையைத் தலைகீழாகப் புரட்டி, சூனியக்காரியை நல்லவளாக்கி, இளவரசனை அசடனாக்கும் நாவல் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். போனில் வாசித்து வாசித்து ஒருநாள் தானே எழுதத் தொடங்கிவிட்டாள். ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனை யாருக்குத்தான் தெரியாது? அவளுடைய நாவலில் இளவரசி அந்த அரக்கனையே கட்டிக்கொண்டாள். காப்பாற்ற வந்த இளவரசனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். கடலுக்குள் கிளிக்கு என்ன வேலை என்று, உயிரையும் ஒற்றைக்கண் பாரை மீன் ஒன்றுக்குள் மாற்றிவிட்டாள் ஆன்சலா.

எழுதியதைத் தன் குரலில் வாசித்து, வலை இழுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். அங்கேதான் வந்தது வினை. வலை இழுக்கும் மத்தேயு அதைச் சத்தமாகப் போட்டு, போனை இடுப்பில் கட்டிய சறத்தில் செருகிக்கொண்டுதான் கயிற்றில் கை வைப்பார். அரக்கன் சிரித்தால் கயிறு பறந்து வந்தது, அழுதால் இழுவை நின்றது. நேற்றுக் காலை, இளவரசன் தூண்டிலோடு திரும்பி வந்த இடத்தில் அத்தனை பேரும் வாயைப் பிளந்து நிற்க, வலை தொய்ந்து, உள்ளே கிடந்த சூடை மீனெல்லாம் கும்பிடு போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது.

சம்மாட்டியார் துள்ளிக் குதித்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, உந்த விசர்க் கதையை நாளையோட முடிக்கிறாய். அரக்கனைச் சாக்காட்டிப்போடு. இல்லாட்டி போன் என்ர கையில."

"அவன் நல்லவன், அப்பா!"

"நல்லவனோ கெட்டவனோ, என்ர வலைக்கு அவன் சனியன்."

ஆன்சலா அழுதாள். பெற்ற பிள்ளையைக் கொல்லச் சொன்னதுபோல இருந்தது. வீம்புக்கு, பின்னேரமே இன்னொரு அத்தியாயம் வாசித்துப் போட்டாள். அதில் இளவரசி, தான் முழுகாமல் இருப்பதை, வயிற்றில் அவன் பிள்ளை வளர்வதை, அரக்கனின் காதுக்குள் சொல்கிறாள். இனி எவருக்கு அவனைக் கொல்ல மனம் வரும், பார்ப்போம். அப்பா எப்படியும் கேட்கப்போவதில்லை. அவருக்குக் கதை என்றாலே கைப்பு.

விடிந்ததும் கொலையைச் செய்து முடிக்கக் கரையிலுள்ள வாடிக் குடிசைக்குள் போய்க் குந்தினாள். ஒரு வரியும் வரவில்லை. வலைதான் வந்தது.

வலையை விரித்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஆன்சலா ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். சூடைக்கு நடுவே பெரிய பாரை ஒன்று துள்ளியது. ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்பு.

"மாதாவே!" கருவாட்டுக்கு மீன் வாங்க வந்த மரியமலர் சிலுவை போட்டுக்கொண்டார். "இதுக்குள்ளயெல்லோ அவன்ர உயிர் கிடக்கு!"

ஒருவரும் தொடவில்லை. மத்தேயு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தான் கட்டிய பொய் கண் முன்னால் துள்ளுவதைப் பார்த்து ஆன்சலாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் போட்டால் அரக்கன் கதை முடிந்தது. அப்பா கேட்டதும் அதைத்தான்.

"விலகுங்கோ!"

சம்மாட்டியார் வந்தார். பாரையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். ஐஸ் பெட்டிப் பக்கம் போகவில்லை. சறத்தோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி மீனை விட்டார். அது வாலால் அவர் முகத்தில் ஒன்று போட்டுவிட்டுப் போனது.

கரையே கூச்சல் போட்டது. மத்தேயு விசிலடித்தார். மரியமலர் ஓலைக் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார்.

"என்ன பல்லைக் காட்டுறியள்?" சம்மாட்டியார் நனைந்த மீசையைத் துடைத்தபடி சீறினார். "அந்தப் பெட்டை முழுகாமல் இருக்கிற நேரத்தில புருசனைச் சாக விடச் சொல்லுறியளோ?"

ஆன்சலா திகைத்துப் போனாள். அந்தச் செய்தி நேற்றுப் பின்னேரம் போட்ட அத்தியாயத்தில் மட்டும்தானே வந்தது! அப்பா கேட்டிருக்கிறார். சந்தோசம் தாங்காமல் அலைக்குள் ஓடி அவரைக் கட்டிப்பிடித்தாள். அவர் அவளைத் தள்ளி நிறுத்தி முறைத்தார்.

"பிள்ளை கொம்போட பிறக்குமோ, கொம்பில்லாமல் பிறக்குமோ? மத்தியானத்துக்குள்ள சொல்லிப்போடு. எனக்குச் சோறு இறங்காது."