மூன்று நிமிடம் அணைக்கக் கூடாத வண்டி

1

இந்தக் கதை ஒரு சர்வீஸ் பில்லின் பின்பக்கத்தில் பிறந்தது. பில் மூன்று தாள் நீளம் என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. அது என் பெரியம்மா மகன் ஹரீஷ்குமாருடையது. (நேரில் அண்ணன், கதைக்குள் அவன். மரியாதை கொடுத்துக்கொண்டே கேலி செய்ய எனக்கு வராது.)

அவன் இப்போது பர்கூரில், பெண் பார்க்க வந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருக்கிறான். இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'சூளகிரி மேட்டில் வெள்ளிக் குதிரையைப் போல அந்த டர்போ எஸ்டேட் கார்—'

[அடித்துவிட்டேன். குதிரைக்கு இவ்வளவு ஆயில் ஒழுகாது.]

இரண்டாம் தொடக்கம்: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கும் ஹரீஷ்குமார், பிறர் செய்த பாகத்தில் மயிரிழைப் பிசகு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். தனக்கென்று வாங்கியதோ, பதினோரு வயதான, பின்பக்கம் நீண்ட வெளிநாட்டு டர்போ கார். பின்சீட்டை மடக்கினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இதை அவன் பெருமையாகச் சொன்னபோது, ஐஸ் பெட்டிக்கு வாடகை தனியா என்று விசாரித்தார் பக்கத்து வீட்டு நாராயணம்மா.

நம்பகமான வண்டிதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவு வைக்கும் என்று நம்பலாம். அந்த நம்பிக்கையை அது ஒருமுறைகூடக் கெடுத்ததில்லை.

3

போன வருடம் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் விசிறி, எரிந்துபோனது. மாற்ற எண்பத்தாறாயிரம்; பாகம் வர நாற்பது நாள். வண்டியை ஒப்படைத்தபோது ஜூஜுவாடி மெக்கானிக் குருமூர்த்தி சொன்னார்:

"ஹைவேல மிதிச்சிக்கினு வந்து டக்குனு ஆஃப் பண்ணாத சாமி. டர்போ உள்ள கொதிச்சிக்கினு கெடக்கும், ஆயில் போவாது. மூணு நிமிஷம் சும்மா ஓடவுடு. இன்னொருவாட்டி போச்சுன்னா வண்டிய இங்கயே வுட்டுடு, கோழி வளத்துக்கறேன்."

ஹரீஷ் அதை வேதமாக எடுத்துக்கொண்டான். கிருஷ்ணகிரியில் முதல் பெண் வீட்டு வாசலில் மூன்று நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வீட்டை எடைபோடுகிறான் என்று அவர்களுக்குக் கோபம். சம்பந்தம் போயிற்று. காவேரிப்பட்டணத்தில் இரண்டாவது வீடு. எஞ்சினை ஓடவிட்டு இறங்கிப் போனான்.

[இப்போதும் அப்படியே இறங்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: பில்லில் ஏழாவது வரி, கைப்பிரேக்; காசு கொடுத்தும் இன்னும் சரியாகப் பிடிக்காது. காவேரிப்பட்டணத்தில் கார் தானாக உருண்டு போய்க் கேட்டைத் திறந்துகொண்டது. கேட் பூட்டியிருந்தது.]

4

பர்கூர்ப் பெண் காவியாவை எழுதுவதில்தான் எனக்குத் திண்டாட்டம். மூன்று வரி வர்ணித்து மூன்றையும் அடித்தேன். நடந்தது இவ்வளவுதான்: பதினோரு நாள் இருவரும் போனில் பேசினார்கள். அவள் ஒன்று கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பாளாம். சம்பளம், கடன், பழைய காதல், குறட்டை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். காரைப் பற்றி மட்டும், "ஒண்ணு இருக்குதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான். இவள் போனால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று என்னிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

இன்று நேரமாகிவிட்டதே என்று சூளகிரியிலிருந்து மிதித்து வந்திருக்கிறான். டர்போ உள்ளே தகதகவென்று இருக்கும். முன்சீட்டில் பெரியம்மா மாதேஸ்வரி.

"இறங்குடா. எல்லாரும் பாக்கறாங்க."

"ஒரு நிமிஷம்மா."

"அந்த டர்போவுக்கே தாலி கட்டிக்க. எனக்கும் மருமக வந்த மாதிரி ஆச்சு."

5

முடிவு அ: உடனே அணைக்கிறான். நிச்சயம் ஆகிறது. திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் புகை. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில்.

முடிவு ஆ: உட்கார்ந்தே இருக்கிறான். உள்ளே காபி ஆறுகிறது, டர்போவைவிட வேகமாக.

முடிவு இ: காவியாவின் அப்பா திம்மப்பன் முப்பது வருடம் கிரானைட் லாரி ஓட்டியவர். டர்போவின் அருமை தெரிந்தவர். ஓடி வந்து மாப்பிள்ளையைக் கட்டி—

[ரொம்ப வசதி. அடித்துவிட்டேன். திம்மப்பன் மாந்தோப்புக்காரர். லாரி கிடையாது.]

6

நான் எழுதாத ஒன்று நடக்கிறது. காவியா படியிறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டுகிறாள். பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணே வாசலுக்கு வந்து பார்ப்பது இந்தப் பக்கம் வழக்கமில்லை. ஹரீஷ் கண்ணாடியை இறக்குகிறான். அது பாதிதான் இறங்கும். (பத்தொன்பதாவது வரி.)

"போன்ல எல்லாம் சொன்னீங்க. இத சொல்லல."

"சொன்னா நீங்களும் வேணாம்னுடுவீங்கன்னு..."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருக்கிறாள்.

வாசகரே, குருமூர்த்தி சொன்னது மூன்று நிமிடம். நீங்கள் முதல் பத்தியில் இருந்தபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பவர் என்றால் நான்கு தாண்டியிருக்கும். டர்போ ஆறிவிட்டது. இனியும் அவன் உட்கார்ந்திருந்தால், பழியை வண்டியின் மேல் போட முடியாது.

சாவியை நான் தொட மாட்டேன். பில்லின் பின்பக்கமும் தீர்ந்துவிட்டது, இந்த வரியை முன்பக்கத்தில் மெக்கானிக்கின் கையெழுத்துக்கு மேலேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் நிற்கிறாள். நீங்களாவது அவனிடம்