விருந்தாளி முன் உட்காராதவர்

என் கணவர் ஹியூபேட்டுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆனாலும் அவரால் வேலைக்குப் போக முடியாது என்பதை அரசாங்கம் நம்ப மறுத்துவிட்டது. அதற்காக நான் அரசாங்கத்தை ஏசப் போவதில்லை. பழி முழுக்க ஹியூபேட்டினுடையது.

அவர் காலிமுகத்திடல் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் மேசை பரிமாறும் ஸ்டூவட்டாக இருந்தவர். மீசை அரும்பிய வயதில் சேர்ந்து தலை நரைக்கும்வரை அங்கேதான் வேலை. விருந்தாளி முன்னால் உட்காரக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, உடம்பில் எங்கே வலித்தாலும் அது மேசைக்குத் தெரியக் கூடாது. இந்தச் சட்டம் ஹோட்டலோடு முடிந்திருந்தால் நான் ஏன் வாய் திறக்கிறேன்? கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கும் அதுதான் சட்டம். கரண்ட் பில் கொண்டுவருகிறவன் வாசலில் நின்றாலும் இவர் எழுந்து நிற்பார்.

சீனி வருத்தம் முற்றி, புண் ஆறாமல் கால் போனது. பொய்க்கால் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ராஜா மாதிரி நடப்பார். அதற்குமேல் நின்றால் மொட்டைக்கால் தோல் உரிந்து இரத்தம் வரும். படுக்கையறைத் திரைக்குப் பின்னால் போய்த்தான் அதைக் கழற்றுவார். முதலில் கொஞ்ச காலம் என்னையே உள்ளே விடவில்லை.

நான் வீட்டில் பள்ளிக்கூட யூனிபோமும், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கப் போடும் சட்டையும் தைக்கிறேன். அது வாடகைக்கும் அரிசிக்கும் சரி. அவருடைய மருந்துக்கும் கிளினிக் போகும் த்ரீவீலுக்கும் எட்டாது. வெள்ளவத்தையில் இருக்கும் என் தம்பி செபஸ்தியன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுத்து ஒரே பாட்டைப் பாடுவான். "அக்கா, அந்த வீட்ட விட்டுட்டு அத்தானையும் கூட்டிக்கொண்டு இங்க வாங்க. பின் ரூம் சும்மாதானே கிடக்குது." தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாலும் அதை மூன்று தெருவுக்குச் சொல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அந்தப் பின் அறைக்குள் போனால் ஹியூபேட் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் அங்கவீனர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தோம். அதில் அவருக்குக் கொஞ்சமும் வெட்கம் இருக்கவில்லை. "வேல செஞ்ச காலமெல்லாம் பருப்பு வாங்கினாலும் வரி கட்டினவன் நான். அது என்ட சல்லி, மேபல்," என்றார்.

வீட்டுக்கு வந்து பார்க்க பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். பெயர் ரிஸ்லா. ஸ்காஃப் போட்ட, அமைதியான பிள்ளை. அவள் வருவதற்கு முதல் நாளே ஹியூபேட் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் அயன் பண்ணி வைத்துவிட்டார். என்னை அனுப்பி பட்டர் கேக் வாங்குவித்தார். அந்தப் பிள்ளை வந்ததும் எழுந்து கதிரையை இழுத்துக் கொடுத்தார். குசினியிலிருந்து ட்ரேயைத் தானே தூக்கிவந்து ஒரு துளி சிந்தாமல் தேநீர் ஊற்றினார். அவள் கேட்டதற்கெல்லாம் கதிரைக்குப் பின்னால் நின்றபடியே பதில் சொன்னார். அவள் பாதிக் கோப்பையோடு அவசரமாக எழுந்தபோது ஒழுங்கை முனைவரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். திரைக்குப் பின்னால் போன மனுசன் இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வேலை செய்யக்கூடியவராம். நான் அவரை என்னென்ன ஏசினேன் என்று இங்கே எழுத முடியாது.

மேன்முறையீடு செய்தோம். திரும்பவும் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டுப் பௌஸி நானா வகுப்பெடுக்க வந்துவிட்டார்.

"ஹியூபேட், இந்த முற சேவ் எடுக்க வாணாம். பழைய சாரம் ஒண்டக் கட்டிக்கொண்டு பாயில படுங்க. கொஞ்சம் முனகுங்க. ஃப்ரிட்ஜ எங்கட வீட்ட கொணந்து வைங்க, அந்தப் பிள்ள போனப்பொறகு எடுக்கலாம்."

"என்ட கால் இல்லங்கிறது உண்ம நானா. அதக் காட்டுறன். ஃப்ரிட்ஜ் இருக்கிறதும் உண்மதானே, அத ஏன் ஒளிக்கோணும்?" என்றார் ஹியூபேட்.

பௌஸி நானா என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஃப்ரிட்ஜ் இருக்கட்டும், சட்டையும் போடுங்க. ஆனா கதிரையில இருக்கோணும். எழும்பினீங்களெண்டா நான் வெள்ளவத்தைக்குப் பெட்டி கட்டுவன்," என்றேன். கதிரையைவிட்டு எழும்புவதில்லை என்று சத்தியம் செய்தார்.

வந்தது அதே ரிஸ்லா. அவளுடைய செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதுதான் தாமதம், இவர் கதிரைக் கையைப் பிடித்து எழுந்துவிட்டார். கதிரையை இழுத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் பின்னாலேயே போய், "பெட்டி கட்டவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கொஞ்சம் பொறு," என்றார். ட்ரேயைத் தூக்கினார்.

அன்றைக்கும் ஒரு துளி சிந்தவில்லை. ரிஸ்லாவின் முகம் வாடிவிட்டது. "அங்கிள், அண்டைக்கும் நல்லா நடந்தீங்க. நான் கண்டதத்தான் எழுதின. இண்டைக்கும் அப்பிடித்தான் எழுத வரும்," என்று பேனையை எடுத்தாள்.

"இன்னும் எழுத வேணாம் மிஸ். அண்டைக்கு நீங்க பாதியில போயிட்டீங்க. தேத்தண்ணியக் குடிச்சு முடிங்க, பிறகு எழுதுங்க."

அவள் குடித்தாள். கேக்கிலும் ஒரு துண்டு எடுத்தாள். அவர் கதிரைக்குப் பின்னால் நின்றார். நேரம் போகப் போக அவருடைய நெற்றி வேர்த்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. அவர் உடம்புப் பாரம் முழுவதையும் இடது காலுக்கு மாற்றியதை அந்தப் பிள்ளை கண்டுவிட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு முன்னால இருக்கிறதுக்கு மன்னிக்கோணும்," என்று சொல்லிவிட்டு ஹியூபேட் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ட்ரேயில் இருந்த கை துடைக்கும் வெள்ளைச் சேவியட் ஒன்றை விரித்து நிலத்தில் போட்டார். வலது களுசான் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டி, பொய்க்காலின் பட்டியைக் கழற்றி, பளபளவென்று பொலிஷ் போட்ட சப்பாத்தோடு அந்தக் காலை அதன்மேல் நிறுத்திவைத்தார். பிறகு மொட்டைக்காலில் மாட்டியிருந்த காலுறையை உரித்தார். உள்ளே தோல் ஈரமாகச் சிவந்திருந்தது. இத்தனை வருடமாகத் திரைக்குப் பின்னால் நடந்த காரியம் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது ஒரு கப் தேத்தண்ணிக்கு மிஸ்," என்றார். குரல் ஹோட்டலில் மெனு சொல்லும் குரல்தான். "ஹோட்டல்ல ஒரு பகல் சாப்பாட்டுக்கு எத்தின கப் எண்டு நீங்களே பாருங்க."

ரிஸ்லா வெகுநேரம் குனிந்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு எழுந்து, கோப்பையையும் கேக் தட்டையும் ட்ரேயில் அடுக்கித் தூக்கினாள்.

ஹியூபேட் பதறிவிட்டார். "வைங்க மிஸ். கெஸ்ட் ட்ரே தூக்கிறதில்ல."

"நான் கெஸ்ட் இல்ல அங்கிள். டியூட்டிக்கு வந்த ஆள்," என்று சொல்லி அதைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, "நீங்க எழும்ப வாணாம்," என்றாள். அவர் எழும்பவில்லை. தலையை மட்டும் சாய்த்தார், பெரிய மனிதர்களுக்குச் சாய்க்கிற மாதிரி. பௌஸி நானா சொன்னபடி பாயில் கிடந்து முனகியிருந்தால் என் மனுசனை அன்று நான் பார்த்திருக்கவே மாட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "சத்தியம் செஞ்சிட்டு எழும்பின கள்ளன்," என்று ஏசிக்கொண்டுதான் மருந்து பூசினேன்.

கொடுப்பனவு அனுமதிக்கப்பட்டது. முதல் மாதக் காசு வந்ததும் த்ரீவீலில் கிளினிக் போனோம். திரும்பும் வழியில் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பட்டர் கேக் வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியன் போன் எடுக்காமல் நேரிலேயே வந்துவிட்டான். அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்றாம், எப்போது வருகிறோம் என்று கேட்டான். ஹியூபேட் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொய்க்கால் சுவரோரம் நின்றது. களுசானின் வலது காலை நானே மடித்து ஊசி குத்தியிருந்தேன், மடிப்பு நேராக இருக்கிறதா என்று அவர் இரண்டு தரம் பார்த்த பிறகு. மச்சான் வாசலுக்கு வந்தும் அவர் கதிரையைவிட்டு அசையவில்லை.

"இரு செபஸ்தியன்," என்று எதிர்க் கதிரையைக் காட்டினார். "கேக் எடு. என்ட சல்லியில வாங்கினது. அந்த ரூம வாடகைக்குக் குடு."