கிளீவ்லாந்தில் மூடிய ஓடை

இளங்கீரன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். டூங்கபி வீட்டிலிருந்து தினமும் இரவு வேலைக்குப் போய், ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். கிளீவ்லாந்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தபோது அம்மா சந்திரவதனா, "பெடியன் இப்ப ஹிஸ்டரி படிக்கிறான்" என்று தொலைபேசியில் அடித்துவிட்டாள். சாதகமும் நன்றாகப் பொருந்தியது.

பெண்ணின் தகப்பன் நித்தியானந்தன் விமானமேறி நேரில் வருகிறார் என்றதும் உண்மையாகவே படிக்க வேண்டியதாயிற்று. கிடங்கிலிருந்து வெளியேற அவனுக்குத் தெரிந்த ஒரே கதவு இந்தக் கல்யாணம்தான். எந்த வரலாறு என்று கேட்டால்? அவருடைய ஊர் வரலாறே என்று முடிவுசெய்தான். தீப்பற்றிய ஆறு, ஏரிக்கரை உருக்காலைகள், பழைய வரைபடங்கள். பொய்க்காகத் தொடங்கியது பிடித்துப்போனது. அங்கேதான் பிழை நடந்தது.

நித்தியானந்தன் கதிரையில் அமர்ந்து வடையைக் கடித்தார்.

"அப்ப தம்பி, எங்கடை ஊரைப் பற்றியே படிக்கிறீர்?"

"ஓம் அங்கிள். உங்கடை ஆறு நெருப்புப் பிடிச்சது தெரியும்தானே?"

"ஆறோ? இருபது வருசமா அங்கை இருக்கிறன். கோயிலுக்கும் எயார்போட்டுக்கும்தான் எனக்கு வழி தெரியும்."

சிரித்தார். பெடியனைப் பிடித்துவிட்டது. கைபேசியில் ஒரு வீட்டைக் காட்டினார்.

"கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் இருக்கப்போற வீடு."

தெருவின் பெயரைப் பார்த்ததும் இளங்கீரனுக்கு வரைபடம் நினைவுக்கு வந்தது. அம்மா கண்ணைக் காட்டினாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

"அங்கிள், இது ஓடையை மூடிக் கட்டின தெரு. பனி கரையேக்கை பேஸ்மென்டுக்குள்ளை தண்ணி நிக்கும். வித்தவன் உங்களை நல்லா ஏமாத்திப் பேய்க்காட்டிப்போட்டான்."

நித்தியானந்தன் மீதி வடையைத் தட்டில் வைத்தார்.

"விக்கிறது நான்தான். வேலையோடை றியல் எஸ்டேட்டும் செய்யிறன். அந்தத் தெரு முழுக்க எங்கடை சனத்துக்குக் குடுத்தனான்."

"தேத்தண்ணி ஆறுது" என்றாள் சந்திரவதனா. ஒருவரும் குடிக்கவில்லை.

அடுத்த கிழமை கிளீவ்லாந்திலிருந்து தொலைபேசி வந்தது. சாதகத்தை வேறொரு சாத்திரியிடம் காட்டினார்களாம். செவ்வாய் எட்டில் நிற்கிறதாம்.

"போன மாசம் செவ்வாய் எங்கை நிண்டதாம்?" என்றான் இளங்கீரன்.

"உன்ரை ஓடைக்குள்ளை" என்றாள் அம்மா.

பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே அவன் கைபேசியில் ரொறன்ரோவின் பழைய வரைபடமொன்றைத் தேடிக்கொண்டிருந்தான். குசினியில் தொலைபேசியோடு நின்ற அம்மாவின் குரல் உயர்ந்து கேட்டது.

"ஐயோ, இல்லை. சத்தியமா ஒண்டும் படிக்கேல்லை. நல்ல பிள்ளை."