தீராத பல்வலி

அன்று பல் டாக்டரின் மானம் போனது. வாங்கியது வேறு யாருமில்லை, பெற்ற மகள்.

மாலையில் கல்லூரித் தோழர்கள் வருஷாவருஷம் கூடும் விழா. மேடையில் பாட வேண்டும். நோயாளி இல்லாத நேரத்தில், கிளினிக் நாற்காலியில் சாய்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கிடாரும் டிரம்ஸும் அதிர, இருபது வருஷமாக ஊரையே ஆட்டிவைக்கும் காதல் பாட்டு அது. ஒருமுறை காதில் விழுந்தால் மூன்று நாள் மண்டைக்குள் குடித்தனம் நடத்தும். அதைப் பாடித்தான் கல்லூரி நாளில் வகுப்புத் தோழியை, அத்தனை பேர் முன்னால், கல்யாணத்துக்குக் கேட்டார். அவளும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

"தீராத பல்வலி நீ..." என்று இழுத்தார்.

"ஐயோ அப்பா! அது பல்வலி இல்லையாம், பல்லவியாம்!" மகள் போனில் பாட்டு வரிகளைத் தேடி எடுத்து நீட்டினாள்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பல்லவியேதான். அடக் கடவுளே! பல் வைத்தியம் படித்தவன் காதில் வேறென்ன விழும்? அப்படியானால் அன்று அவள் சிரித்தது எதற்கு? பாவம் பார்த்தா கழுத்தை நீட்டினாள்? நினைப்பு குடைந்தெடுத்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவருக்கு, மனைவியிடம் வாய் திறக்க வரவில்லை.

மேடையில் "தீராத பல்லவி நீ" என்று அட்சரம் பிசகாமல் பாடினார்.

அரங்கம் சப்பென்று ஆனது. அந்த வரிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூடப் பாடியே பழகிய கூட்டம், தூக்கிய கையோடு விழித்தது. முன்வரிசையில் மனைவி எழுந்தே விட்டாள்.

"என்னங்க, யாரைப் பாத்துப் பாடுறீங்க? இது ஊருக்கெல்லாம் பாடின பாட்டு. என் பாட்டு எங்க?"

"அது தப்பும்மா. இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா திருத்திடுவீங்களே!"

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிடார்காரரை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இந்த முறை அரங்கமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்று அலறியது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு கை தானாகவே கன்னத்துக்குப் போயிருந்தது.