பூட்டிய சக்கரமும் கிறிஸ்டி லூபியும்

கிளான்மெல் ஊரில் இழவுக்குப் போகிறவன் யாரிடமும் எதையும் விசாரிப்பதில்லை. வரிசை எங்கே தெரிகிறதோ அங்கே போய் நிற்பான். முன்னால் நிற்பவனோடு மழையைப் பற்றிப் பேசுவான். வரிசை நகர நகர அவனும் நகர்ந்து, உள்ளே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரே ஆறுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் இருப்பவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வருவான். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்றுதான் மலாக்கி டூஹியும் அந்த நவம்பர் மாதம் வரை நினைத்திருந்தான்.

அன்று அவன் போனது மனைவிக்குப் பதிலாக. டிம்ப்னா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தாள். அந்த நேரம் பார்த்து பிரீட் பெரியம்மா இறந்துபோனார். பேருக்குத்தான் பெரியம்மா. அம்மா போன பிறகு டிம்ப்னாவைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். மாலையில் கிளான்மெல்லில் மூன்று மணி நேரம் அஞ்சலிக்கு வைத்துவிட்டு, அப்படியே இரவோடு இரவாக அவருடைய பிறந்த ஊரான மேயோவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வதாக ஏற்பாடு.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்," என்றாள் டிம்ப்னா. "அவங்க கைமேல உன் கைய வெச்சு, டிம்ப்னாவால வர முடியலம்மான்னு சொல்லிட்டு வா. வேற எதுவும் நான் கேக்கல."

மலாக்கி செய்கிறேன் என்றான். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். ஊர்ப் பொது இழவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு தனியார் பார்க்கிங் இருந்தது. கையைப் பிடித்துவிட்டு வர ஒரு மணி நேரம் தாராளம் என்று காசு போட்டுச் சீட்டு எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தான். சட்டத்துக்கு அவ்வளவு பயந்தவன்.

கூடத்தின் வாசலிலிருந்து வரிசை தெருமுனை வரை நின்றது. பெரியம்மாவுக்கு இவ்வளவு கூட்டமா என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முன்னால் நின்றவன் மாட்டுத் தீவனம் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பினான். அந்தப் பேச்சு சுவாரசியத்தில் வாசலில் இருந்த பலகையை மலாக்கி பார்க்கவில்லை. அன்றைக்கு இடப்பக்கக் கூடத்தில் ஒருவர், வலப்பக்கக் கூடத்தில் ஒருவர். இந்த வரிசை இடப்பக்கம் போனது. முதலில் உட்கார்ந்திருந்த பையனின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே பெட்டியை எட்டிப் பார்த்தபோதுதான், உள்ளே நல்ல தடிமனாக மீசை வைத்த ஒரு ஆண்பிள்ளை படுத்திருப்பது தெரிந்தது.

பிடித்த கையை உதறிவிட்டு ஓட முடியுமா? அடுத்த கை ஏற்கெனவே நீண்டிருந்தது. அதற்கடுத்த கையும் தயாராக இருந்தது. எல்லாக் கையையும் பிடித்து முடித்தான். கடைசியில் இருந்தவர் விதவை, கான்செப்டா லூபி. அவர் கையை விடவில்லை.

"கிறிஸ்டி உங்களுக்கு எப்படிப் பழக்கம் தம்பி?"

"ரொம்ப நாள் பழக்கங்க," என்றது மலாக்கியின் வாய். பிறகுதான் அது பொய் என்று மலாக்கிக்கு உறைத்தது.

கிறிஸ்டி லூபி நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். மாவட்டத்தில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அம்மா அவன் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, தேநீரும் ரொட்டியும் கொண்டுவரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டார். கூட மகன்கள், மருமகள்கள். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

பேசி முடித்து அவன் வெளியே வந்தபோது வலப்பக்கக் கூடம் காலியாக இருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே துரத்திப் போய்விடலாம் என்று பார்க்கிங்குக்கு ஓடினான். வண்டியின் முன்சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புப் பூட்டு உட்கார்ந்திருந்தது. சீட்டு காலாவதியாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பூட்டின் மேல் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டு அவன் நிற்கும்போதுதான் பெரியம்மாவின் பெட்டியை ஏற்றிய கறுப்பு வண்டி அவனைத் தாண்டி மேயோவுக்குப் போனது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வேறென்ன செய்வது?

நூற்றிருபத்தைந்து யூரோ கட்டிப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வீடு வந்தான்.

"பாத்தியா?" என்றாள் டிம்ப்னா. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

உண்மையைச் சொல்லத்தான் வந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"பாத்தேன்."

"கைய தொட்டியா?"

"தொட்டேன்."

"நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாங்களா? அதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்."

"ஆமா. நல்லா இருந்தாங்க. தூங்குற மாதிரி."

டிம்ப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். மலாக்கிதான் தூங்கவில்லை.

விஷயம் அதோடு புதைந்திருக்கும். ஆனால் பூட்டுக் கதையை அவன் வாய்தவறிச் சொல்லித் தொலைத்தான். தாமதமானதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்ததே. டிம்ப்னாவுக்கு ஒற்றைக் காலில் செய்வதற்கு வேறு வேலை இல்லை. நியாயம் கேட்பதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. குப்பை வண்டிக்காரன் முதல் மாவட்ட ஆட்சி மன்றம் வரை யாரையும் அவள் விட்டதில்லை.

"இழவுக்குப் போனவன் வண்டிக்குப் பூட்டா? இவனுங்க வீட்ல யாரும் சாகவே மாட்டாங்களா?"

"போனாப் போகுது டிம்ப்னா. சீட்டு முடிஞ்சது நம்ம தப்புதானே."

"நீ சும்மா இரு. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் அவனுங்களுக்குத் துளிர் விட்டுப்போச்சு."

பார்க்கிங் கம்பெனிக்கு மேல்முறையீடு எழுதி அனுப்பினாள். அன்று வீட்டில் நடந்த துக்கம், வரிசையின் நீளம், மனிதாபிமானம் எல்லாம் அதில் இருந்தது. பதில் மரியாதையாகவே வந்தது. வருந்துகிறோம், இறந்தவரின் குடும்பத்தார் யாராவது, இவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தார் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கிறோம்.

"அவ்வளவுதானே?" என்று டிம்ப்னா உடனே பெரியம்மாவின் மகன் ஃபெர்கஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மலாக்கி அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது.

"மலாக்கி வராம இருப்பானா?" என்றான் ஃபெர்கஸ். "கைய பிடிச்சான், ரெண்டு வார்த்த பேசுனான். எழுதித் தரேன், அதுக்கென்ன."

அன்று சாயங்காலம் நானூறு கைகளைப் பிடித்த ஃபெர்கஸுக்கு யார் முகம் நினைவிருக்கும்? வராதவனை வரவில்லை என்று சொல்லி ஒரு மனிதனை அவமானப்படுத்துகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. மலாக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு கிழங்கை எடுத்தான்.

"ரொம்ப நன்றி ஃபெர்கஸ். நீல ஸ்வெட்டர்ல நல்லா இருந்தாங்கன்னு இவன் சொன்னான். அதக் கேட்டதுலதான் எனக்கு மனசு ஆறுச்சு."

"பாத்தானா?" என்றான் ஃபெர்கஸ்.

"என்ன ஃபெர்கஸ்?"

"இல்ல... பெட்டிய மூடித்தானே வெச்சிருந்தோம். யாரும் என் மூஞ்சிய பாக்கக் கூடாதுன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. யாருமே பாக்கல, டிம்ப்னா."

போனை வைத்துவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. மலாக்கி ஈரக் கையோடு வந்து நின்று, வரிசையில் ஆரம்பித்து மீசைவரை, மீசையில் ஆரம்பித்து பூட்டுவரை சொல்லி முடித்தான். வேறு சமயமாயிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள். "வழி தப்பிப் போனத மன்னிச்சிருப்பேன். தொட்டேன்னு சொன்ன பாரு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். அவள் அவனைத் திட்டவில்லை என்பதே அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முப்பது வருஷத்தில் அவள் திட்டாத வாரம் ஒன்று உண்டா? கிறிஸ்துமஸ் வந்து போனது. வான்கோழி வெந்ததா வேகவில்லையா என்றுகூட அவள் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஒருநாள் கைத்தடியோடு வந்து நின்றாள்.

"அந்த லூபி வீடு எங்க இருக்குன்னு விசாரி. நீ அங்கதானே இருந்த? அப்ப அவங்கதான் எழுதித் தரணும்."

"அந்தம்மாகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது? உங்க வீட்டுக்காரர எனக்குத் தெரியவே தெரியாதுன்னா?"

"அதச் சொல்றது உன் பாடு. பூட்டு போட்டவனையும் நான் விடமாட்டேன், உன்னையும் விடமாட்டேன்."

கான்செப்டா லூபியின் வீடு ஊருக்கு வெளியே, காஹிர் போகிற வழியில் இருந்தது. கதவைத் திறந்து மலாக்கியைப் பார்த்ததும் அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்துபோனார். உள்ளே இழுத்துப்போய்க் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தேநீர், பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டி, கிறிஸ்துமஸ் கேக்கில் மிஞ்சிய துண்டு எல்லாம் வந்தன. டிம்ப்னா கைப்பையைத் திறந்தாள். உள்ளே எழுத வேண்டிய தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"உன் புருஷன் பேசுனதத்தான் எங்க வீட்ல இன்னும் பேசிக்கிட்டிருக்கோம் கண்ணு," என்றார் அந்த அம்மா. "வந்தவங்க எல்லாரும் நல்ல மனுசன், நல்ல மனுசன்னாங்க. அது எல்லாருக்கும் சொல்றதுதானே. இவருதான் எப்படி நல்ல மனுசன்னு சொன்னாரு."

மலாக்கி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னான்?" என்றாள் டிம்ப்னா.

"பாக்கெட்ல எப்பவும் பெப்பர்மிண்ட் வெச்சிருப்பாராமே. யாராவது அழுதா ஏன் அழுவுறன்னு கேக்க மாட்டாராம். பேசாம ஒரு மிட்டாய எடுத்துக் கையில வெச்சிட்டு அவரு வேலையப் பாப்பாராம். எனக்கு ஒரு நாளும் ஒரு மிட்டாய் தந்ததில்ல அந்த மனுசன்."

டிம்ப்னாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"அப்புறம் ரொட்டியோட காஞ்ச ஓரத்துண்டு. அதத்தான் பிடிக்கும்னு தான் எடுத்துக்கிட்டு, நடுத்துண்ட எல்லாம் மத்தவங்களுக்குக் குடுப்பாராம். ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதாம், அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காதுன்னு. இங்க வீட்ல ஓரத்துண்டு தின்னது யாருன்னு நினைக்கிற? நான்தான். வெளிய போய் தருமராசா வேஷம் போட்டிருக்காரு." அவர் சிரித்தார். அதில் கொஞ்சம் கோபமும் நிறையப் பெருமையும் இருந்தது.

டிம்ப்னா புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. பெப்பர்மிண்ட் எந்தப் பாக்கெட்டில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். நீல ஸ்வெட்டரின் இடது பாக்கெட். ஓரத்துண்டை யார் தின்றார் என்றும் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பிணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனபோது, அந்த மடையன் தனக்குத் தெரிந்த நல்லவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்.

"வேற என்ன சொன்னான்?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. ஒண்ணையும் விடாதீங்க."

அந்த அம்மா நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டே டிம்ப்னா அழுதாள். கிறிஸ்டிக்காக ஒரு பெண் இப்படி அழுகிறாளே என்று கான்செப்டாவும் கூடச் சேர்ந்து அழுதார். தேநீர் ஆறிப்போய் இரண்டாம் முறை வந்தது. கைப்பையை எப்போது மூடினாள் என்று டிம்ப்னாவுக்கே தெரியாது. அந்தத் தாள் அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை.

இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். வண்டியில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு டிம்ப்னா சொன்னாள்:

"கோழிக்குப் பாட்டுப் பாடுவாங்களே, அத ஏன் சொல்லல?"

"பால் லாரிக்காரர் கோழிக்குப் பாடுனாருன்னு எப்படிச் சொல்றது?"

"முட்டாப் பய," என்றாள் அவள். நவம்பருக்குப் பிறகு அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. மலாக்கி வண்டியைக் கிளப்பினான்.

வண்டி தெருவில் இறங்கியது. தூறல் ஆரம்பித்திருந்தது. டிம்ப்னா பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். கான்செப்டா லூபி கோட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு வெளிக்கதவு வரை வந்து நின்றிருந்தார். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. சும்மா நின்றார்.

"இது பெரியம்மாவோட பழக்கமாச்சே?" என்றாள் டிம்ப்னா.

"அதையும் சொல்லியிருந்தேன்," என்றான் மலாக்கி. "வண்டி கண்ண விட்டு மறையிற வரைக்கும் வாசல்லயே நிப்பாரு, மழை பேஞ்சாலும் உள்ள போகமாட்டாருன்னு."

டிம்ப்னா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"மெதுவா ஓட்டு," என்றாள்.