ஆறு மீட்டருக்கு ஒரு திரை

என் வீட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே பேசிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒளிப்பானேன்? அச்சாபீஸ்களில் ஆப்செட் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மனுசன், பெங்களூரில் யாரோ பாதியில் போட்டுவிட்ட இரண்டு சீட்டு விமானத்தை லாரியில் ஏற்றி வந்து சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் ஒரு லேபிள் குடோனில் இறக்கினால் வேறென்ன நினைப்பது? ஆறு வருசம் அதோடு மல்லுக்கட்டினார். மாதம் ஒரு வாரம் பெங்களூர்ப் பக்கத்து விமானக் கிளப்புக்குப் போய் ஓட்டவும் கற்றுக்கொண்டார். காளீஸ்வரன் என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. ஏரோப்ளேன்காரர் என்றால் டீக்கடையில் வழி காட்டுவார்கள். நான் பொன்மணி, பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கிளார்க். "ஒங்க வீட்டுக்காரரு இன்னும் கெளம்பலையா?" என்று என்னைக் கேட்காத வாய் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறில் இன்ஜின், இறக்கை, சக்கரம் எல்லாம் முடிந்துவிட்டது. ஓட்டுகிறவருக்கு எதிரே இருக்கிற பலகை மட்டும் வெறுமையாக நின்றது. அதில் வேகம், உயரம், சாய்வு, திசை, ஏற்ற இறக்கம், திருப்பம் என்று ஆறு முள் மீட்டர் பதிக்க வேண்டும். பழைய மீட்டர் வாங்கலாமே என்றேன். அந்த ஆறின் எடையை அந்தக் குட்டி விமானம் தாங்காது, அதில் பாதியை ஓட்டத் தனியாக ஒரு பம்பும் வேண்டும் என்றார். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்கென்று வெளிநாட்டில் புதிதாக எலக்ட்ரானிக் திரை வந்திருக்கிறதாம். ஆறு மீட்டரும் ஒரே பெட்டிக்குள். விலையும் நம் கைக்கு எட்டுகிற விலை.

இதெல்லாம் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சித்திரையில் மதுரையில் ஒரு கண் டாக்டர் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி செத்துக்கொண்டு வருகிறது என்றார். மருந்து கிடையாது, ஆபரேசன் கிடையாது. ஓரப் பார்வை நிற்கும், நேரே பார்ப்பது போய்விடும்.

"எம்புட்டு நாளுங்க சார்?" என்று கேட்டார் இவர்.

"சொல்ல முடியாது. ஒரு வருஷமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்."

மூன்று பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தோம். சோற்றில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார்: "சின்ன முள்ளு இப்பவே ரெண்டு ரெண்டாத் தெரியுது பொன்மணி. பெரிய எழுத்தாப் போடுற திரை இருந்தா ஒரே ஒரு தடவை ஓட்டிருவேன். கிளப் வாத்தியாரு பக்கத்துல உக்காருவாரு. ஆனா பலகைய நானே வாசிச்சுச் சொன்னாத்தான் ஓட்ட விடுவாரு."

ஆறு வருசம் திட்டித் தீர்த்தவள் நான். அன்றைக்கு எப்படியாவது இந்த மனுசன் ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டேன்.

மூன்று திரைகள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தன. ஒன்று மலிவு, ஆனால் வெயிலில் மங்கும். இன்னொன்று பெரியது, அதைப் பதிக்கப் பலகையையே வெட்ட வேண்டும். மூன்றாவதில் பளிச்சென்ற வெளிச்சம், உள்ளேயே அவசரத்துக்கு ஒரு பேட்டரி. படத்தைப் பார்த்து எப்படி முடிவு செய்வது? எங்கள் ஊரில் எதையும் அச்சடித்துப் பார்த்தால்தான் திருப்தி. அவருடைய சிநேகிதர் சாம்சுந்தர் தன் பிரஸ்ஸில் மூன்றையும் அசல் அளவில், ஆர்ட் அட்டையில், நாலு கலரில் அடித்து, வார்னிசும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இணையத்தில் எடுத்த படம் கலங்கலாக இருக்கிறதென்று எண்களைத் திருத்தமாக மறுபடி எழுதி, கொஞ்சம் தடிப்பாகவும் ஆக்கிவிட்டாராம். நல்ல மனசு, வேறென்ன!

அட்டைகளைப் பலகையில் மாற்றி மாற்றி ஒட்டி, விமானத்துக்குள் உட்கார்ந்து, நாலு நாள் வாசித்துப் பார்த்தார். மூன்றாவதுதான் என்று முடிவானது. "வேகம் நூத்திப்பத்து. ஒசரம் அஞ்சாயிரத்து ஐநூறு. அம்புட்டும் தெரியுது பொன்மணி!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆர்டர் போட்டது நான். இங்கேதான் என் கையாலேயே கெடுத்தேன். சிவகாசியில் லாரியில் வந்தாலும் ஆகாயத்தில் வந்தாலும் சரக்கு கம்பெனி பேருக்குத்தான் வரும். வீட்டு முகவரியை எவன் தேடுவான்? முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "அதுக்கென்னம்மா, போட்டுக்கோ" என்றார். கம்பெனி லெட்டர்பேடில் அடித்து, முத்திரை குத்தி அனுப்பினேன். அந்தத் தாளின் உச்சியில் ராக்கெட் ஒன்று தீயைக் கக்கிக்கொண்டு மேலே பாயும். கீழே நாங்கள் தயாரிக்கும் சரக்குப் பட்டியல். அதில் முதல் வரியே ராக்கெட்.

பெட்டி ஆடியில் சென்னைக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. சாய்வையும் திசையையும் தானே கணக்குப் போடும் எலக்ட்ரானிக் கருவியை, ராக்கெட் தயாரிக்கும் கம்பெனி எதற்காக வரவழைக்கிறது, ஏவுகணைக்கா என்று சுங்க ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. முதலில் சிரித்தேன். ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்கு நேரில் போய், "ஐயா, எங்க ராக்கெட்டப் பாட்டில்ல வச்சுப் பத்த வைப்பாக, தென்னமர ஒசரம் போயி வெடிக்கும்" என்று விளக்கினேன். அங்கிருந்த சுங்க அதிகாரியும் சிரித்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா ஃபைல்ல ராக்கெட்டுன்னு இருக்கே. இதை நான் விட முடியாது, டெல்லிக்குப் போகணும்."

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்குய்யா. ஐயா மனசு வச்சு..."

"அதுக்குன்னு கட்டம் எதுவும் இந்த ஃபாரத்துல இல்லையேம்மா."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்! தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், கூடுதலாக நான்கு சான்றிதழ் கேட்டார். கிராம அதிகாரியிடம் ஒன்று, போலீசில் ஒன்று, கிளப்பில் ஒன்று, அண்ணாச்சியிடம் ஒன்று. தீபாவளி சீசன் லோடு நெருக்கத்தில் லீவு கேட்டு லீவு கேட்டு வாங்கி அனுப்பினேன். ஒன்றில் தேதி இல்லையென்று திரும்பி வந்தது. தீபாவளி போனது, கார்த்திகை போனது. நான் எழுதாத கடிதம் இல்லை, விழாத கால் இல்லை.

இதற்குள் என் வீட்டுக்காரர் என்னைக் குரலைக் கேட்டு அடையாளம் காண ஆரம்பித்திருந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொள்வார், தட்டில் வைத்த அப்பளத்தைத் தடவுவார். ஆனால் சாயங்காலமானால் குடோனுக்குப் போய் அந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். "இன்னைக்குத் தெரியுதாங்க?" என்று வாசலில் நின்று கேட்பேன். "தெரியாம என்ன? வேகம் நூத்திப்பத்து, ஒசரம் அஞ்சாயிரத்து ஐநூறு" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உலை வைக்கப் போவேன். அறிவு கெட்டவள்!

தை இரண்டாவது வாரத்தில் டெல்லி அனுமதி கிடைத்து, பெட்டி வந்துவிட்டதென்று லாரி ஆபீசிலிருந்து போன் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குடோனுக்கு ஆட்டோவில் பறந்தேன். சாம்சுந்தரை வரச் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அட்டையைக் கிழித்துவிட்டு, விரலாலேயே துளையைத் தேடி, அசல் திரையைப் பதித்து, வயர்களை நான் நிறம் சொல்லச் சொல்ல மாட்டி, பேட்டரியை இணைத்தார். திரை எரிந்தது. மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் கோடு. எண்கள் எரிந்தன. சாம்சுந்தர் அடித்த எண்களைவிட ஒல்லியாக இருந்தன.

அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், திரையில் மூக்கு இடிக்கிற அளவு குனிந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"வேகம் நூத்திப்பத்து. ஒசரம் அஞ்சாயிரத்து ஐநூறு. சரிதான பொன்மணி?"

திரையில் அந்த எண்களே இல்லை. இத்தனை மாதமும் அவர் அட்டையைப் பார்க்கவில்லை, மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன செய்வேன்? அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

"சரியாத்தாங்க இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "நிக்கிற விமானத்துக்கு நூத்திப்பத்து வேகமா?"

நான் இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு அடக்கியும் அழுகை வந்துவிட்டது.

"அழாத. அங்கன என்ன போட்டிருக்கு? நெசத்தச் சொல்லு."

"வேகம் சைபர். ஒசரம் முந்நூத்தி முப்பது."

"திசை?"

"எம்பது."

"கெழக்கு" என்று தலையாட்டினார். "கடலுக்கு மேல நம்ம ஊரு ஒசரமும் அம்புட்டு அடிதான். சரியா வேலை செய்யுது. நல்ல பெட்டிதான்." விமானம் ஓட்டுகிற கம்பியைப் பிடித்த கையை எடுக்காமலே சொன்னார்: "கிளப் வாத்தியாருக்கு நாளைக்குப் போன் போட்டு, வரலன்னு சொல்லிரு."

"ஆடியிலயே வந்திருந்தா வாசிச்சிருப்பீகளா?"

அவர் கிழித்த அட்டையைத் துழாவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ராக்கெட்டுத் தாள்ல நான் எழுதாம இருந்தா... என்னாலதானங்க?"

அப்படியெல்லாம் இல்லை பொன்மணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நின்றேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியது, ஆனால் கண் என் தோளுக்கு அப்பால் எங்கோ நின்றது. பலகையைத் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து, திரையை அணைத்தார்.